கீழ்க்கம்பி இல்லாத ஸ்கிரீன்

புது ரெக்சின் வாசனையும் யூகலிப்டஸ் இலை வாசனையும் சேர்ந்து வந்தால் எனக்கு இப்போதும் கண் சொக்கும்... ஆடிக்கொண்டே வரும் ஒரு தூக்கம்.

தொண்ணூறுகளின் நடுவில். எனக்குப் பதினாறு வயது. எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோய், பெங்களூர் லிங்கராஜபுரத்தில் அப்பாவின் குஷன் கடையில் தையல் மெஷின் மிதித்துக்கொண்டிருந்தேன். கார் சீட், ஆட்டோ சீட், கார் ஜன்னலுக்கு ஸ்கிரீன். யாராவது கடைக்கு வந்தால் ஃபோம் அடுக்குக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவ்வளவு கூச்சம்.

அதற்கு அம்மா ஒரு மருந்து வைத்திருந்தாள். "கார்மென்ட்ஸ்ல சேத்துடலாம். நூறு பொண்ணுங்களோட உக்காந்தா வாய் தானா தொறக்கும்."

அதைக் கேட்டதும் நான் ஃபோம் அடுக்குக்குப் பின்னால் இன்னும் தள்ளிப் போய் நின்றுகொள்வேன். அப்பாதான், "இந்த வேன் வேலை முடியட்டும், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்.

வேன், பிரேசர் டவுனில் இருந்த ஒரு சாருடையது. ரிட்டயர் ஆனவர். அவருக்கும் அவர் மனைவி டீச்சரம்மாவுக்கும் காடு காடாகச் சுற்ற ஆசை. பழைய வேன் ஒன்றுக்குள் படுக்கை, ஸ்டவ், தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்தார்கள். சக்கரம் வைத்த வீடு... அதற்கு முன் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததே இல்லை. ஸ்கிரீன் முழுக்க நான் தைத்தது. தனியாகச் செய்த முதல் வேலை. சாரின் நண்பர்கள் இரண்டு பேர் இதே மாதிரி வேன் செய்யக் காத்திருந்தார்கள். இது பிடித்தால் அந்த வேலையும் எங்களுக்கு. நான் கார்மென்ட்ஸ் போக வேண்டாம்.

படுக்கை சரியாக மடிகிறதா, எதுவும் கழன்று விழுகிறதா என்று பார்க்க அப்பாவையும் என்னையும் மசினகுடி கேம்புக்குக் கூட்டிப்போனார்கள்.

போனது ராத்திரியில், ஸ்கிரீனை யாரும் தொடவில்லை. திரும்பி வந்த காலை... ரோடு முழுக்கப் பனி. புது ரெக்சினும் டீச்சரம்மா கட்டித் தொங்கவிட்ட யூகலிப்டஸ் கொத்தும் மணக்க, வேன் தொட்டில் மாதிரி ஆடியது. பனிக்குள் காது மட்டும் தெரிந்த புள்ளிமான்கள். இஞ்ச் டேப்பைத் தொங்கவிட்டது போல வாலைத் தொங்கவிட்ட குரங்குகள். ரோட்டைக் கடக்கலாமா என்று யோசித்து நின்ற ஒரு மயில்.

ஆனால் இதெல்லாம் முன் சீட்டில் இருந்த சாருக்கும் அப்பாவுக்கும்தான் ஒழுங்காகத் தெரிந்தது. பின்னால் நானும் டீச்சரம்மாவும் ஸ்கிரீனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

எங்கள் கடைக்கு வரும் குடும்பங்களுக்கு, காருக்குள் இருப்பவர்கள் வெளியே தெரியக் கூடாது. அதனால் மேலே ஒரு ஸ்பிரிங் கம்பி, கீழே ஒரு ஸ்பிரிங் கம்பி. காற்றடித்தாலும் விலகாது. எனக்குத் தெரிந்த நல்ல ஸ்கிரீன் அதுதான். காட்டைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் அதையே தைத்துவிட்டேன். தள்ளினால் கிர்ர்ரென்று கத்தும். கையை எடுத்தால் தானாக மூடிக்கொள்ளும்.

"ஏம்மா, எங்கள காடு பாக்கக் கூட்டிட்டு வந்தியா, கண்ணக் கட்டிக் கூட்டிட்டு வந்தியா?" என்று சிரித்தார் டீச்சரம்மா. "அந்தோணி, உன் பொண்ணு ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் டிக்கெட் குடுத்திருக்கா!"

சிரிப்புக்குச் சொன்னதுதான். ஆனால் அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. என் கண்ணுக்குள் கார்மென்ட்ஸ் கேட் வந்து நின்றது.

பந்திப்பூர் தாண்டும் முன் சார் மெதுவாக வேனை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்.

"சும்னே இருங்க எல்லாரும், சத்தம் வேணாம்... யானை. லெப்ட்ல, கிட்டவே."

எங்கள் ஜன்னல் பக்கம். டீச்சரம்மா ஸ்கிரீனில் கை வைத்தார். அப்பா பதறி, வேண்டாம் என்று தலையாட்டினார். இழுத்தால் அது கத்தும். டீச்சரம்மா கையை எடுத்துவிட்டார். போகும்போதிலிருந்தே அவர் கேட்டது ஒரே ஒரு யானை. இப்போது துணிக்கு அந்தப் பக்கம் கிளை முறியும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

நூல் வெட்டும் குட்டிக் கத்தரி எப்போதும் என் இடுப்பில் செருகியிருக்கும். எடுத்தேன். கீழ்த்தையலில் நுனியை விட்டு, ஒவ்வொன்றாக... சத்தமே இல்லை. துணி கம்பியை விட்டு நழுவியது. மேலே சுருட்டி, தாவணியிலிருந்த இரண்டு பின்னையும் குத்தினேன்.

மழையில் நனைந்த பாறை மாதிரி ஒரு யானை. அதன் வயிற்றுக்கடியில் குட்டி. கண் இமை முடிகூடத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றோமோ... என் மணிக்கட்டைப் பிடித்த டீச்சரம்மா விடவே இல்லை. பிறகு இரண்டும் பனிக்குள் போய்விட்டன.

வேன் கிளம்பிய பிறகுதான் அப்பாவுக்குக் குரல் வந்தது. "என்ன பாப்பா இது... புதுத் துணிய வெட்டிட்டே?"

"கீழ்க்கம்பி வேணாம்ப்பா. சுருட்டிக் கட்ட ஒரு நாடா போதும்."

"அட, இது பேசுமா!" என்றார் சார்.

"பேசினது போதும், மீதி ஜன்னலையும் பிரி" என்றார் டீச்சரம்மா. "வீடு போறதுக்குள்ள எனக்கு எல்லாம் தெரியணும்."

குண்டல்பேட்டையிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தேன். ஒரு ஜன்னலில் சூரியகாந்தி வயல். இன்னொன்றில் ஸ்ரீரங்கப்பட்டணத்து ஆற்றில் ஒற்றைக் காலில் நின்ற கொக்குகள். கடைசி ஜன்னல் திறந்தபோது ராமநகரம் பாறைக்கு மேல் பருந்துகள் வட்டமிட்டன. கெங்கேரி வந்தபோது வேனில் மூடின ஸ்கிரீன் ஒன்றுகூட இல்லை. சிக்னலில் நின்ற மொத்தப் பெங்களூரும் என்னைப் பார்த்தது... நான் ஒளிந்துகொள்ளவில்லை.

அந்த இரண்டு வேனும் எங்கள் கடைக்கே வந்தன. நாடா வைத்த ஸ்கிரீன்தான் வேண்டும் என்று கேட்டு வந்தன.

போன மாதம் அதே ரோட்டில் ஏசி பஸ்ஸில் வந்தேன். திறக்காத கண்ணாடி. பந்திப்பூரில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஜன்னலில் ஸ்கிரீன்... மேலே ஒரு கம்பி, கீழே ஒரு கம்பி.

கை தானாக இடுப்புக்குப் போனது. கத்தரி இல்லை.