பத்துக்கு இரண்டு போடுகிறவர்

எங்கள் வார்டு டெக்னீஷியனுக்குப் பேய் என்றால் பயம் கிடையாது. பேய்ப் படம் எடுக்கிறவர்கள் மேல்தான் கோபம். காலை ஆறரைக்கு வந்து எட்டு டயாலிசிஸ் மெஷின்களையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டுச் சோதிக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். நேற்றுப் பார்த்த படத்தில் கதவு தானாகத் திறந்ததாம், கதாநாயகி உள்ளே போனாளாம், லைட்டைப் போடவில்லையாம். சுவிட்சு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்ததாம். நான் அந்த வார்டின் நர்ஸ். அந்த நேரத்தில் எனக்கு ஊசி, பஞ்சு, பிளாஸ்திரி தவிர வேறு எதிலும் அக்கறை கிடையாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொல்வார்.

இப்போது வரும் படங்கள், தொடர்கள் எல்லாவற்றைப் பற்றியும் அவரிடம் தீர்ப்பு உண்டு. திடீரென்று காது கிழிகிற மாதிரி சத்தம் போடுவது பயம் இல்லை, அது ஏமாற்று என்பார். விண்வெளிப் படத்தில் புதுக் கிரகத்தில் இறங்கியதும் எவனாவது தலைக்கவசத்தைக் கழற்றினால் அந்த இடத்திலேயே இரண்டு மார்க் குறைத்துவிடுவார். நாலு பகுதிகளில் முடிய வேண்டிய கதையைப் பத்துப் பகுதிகளாக இழுக்கிறவர்களைக் கண்டாலே ஆகாது. எல்லாவற்றையும்விட, ஆஸ்பத்திரிக் காட்சியில் ஒருவன் கையிலிருக்கும் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வில்லனைத் துரத்திக்கொண்டு ஓடினால், அன்றைக்கு முழுக்க அவரிடம் பேச்சுக் கொடுக்க முடியாது. "ரத்தம் எங்க சிஸ்டர்? பத்து நிமிஷம் அழுத்திப் பிடிச்சாக்கூட நமக்கு நிக்க மாட்டேங்குது" என்று என்னிடம் நியாயம் கேட்பார். ஏதோ நான்தான் அந்தப் படத்தை எடுத்தேன் என்பது போல.

அவருக்கு வார்டில் "பத்துக்கு ரெண்டு" என்று பெயர் வந்ததற்கு அவருடைய மச்சான் காரணம். மனைவியின் தம்பி சொந்தக் காசைப் போட்டு ஒரு பேய்க் குறும்படம் எடுத்து, சொந்தபந்தம் அத்தனை பேரையும் வீட்டுக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டினான். எல்லோரும் ஆகா ஓகோ என்றார்கள். மாமனார் இவர் பக்கம் திரும்பி, மாப்பிள்ளை என்ன சொல்கிறார் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இவர் யோசித்து, பத்துக்கு இரண்டு என்றார். அந்த இரண்டும் எதற்கு என்று விளக்கமும் சொன்னார். ஒரு வருஷம் மாமியார் வீட்டுப் பக்கம் தலைகாட்ட முடியவில்லை. ஒரு ஐந்து போட்டிருந்தால் என்ன குறைந்துவிடும் என்று நான் கேட்டதற்கு, பொய்யாக ஐந்து போட்டால் நிஜமாக ஐந்து எடுத்தவனுக்கு என்ன போடுவது என்றார். இப்படிப்பட்ட ஆளோடு ஒரு மனுஷி எப்படிக் குடித்தனம் நடத்துகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் நம்பர் படுக்கைக்கு டைப்பிஸ்ட் அம்மா வந்தது அதற்கு அப்புறம். வயது ஐம்பத்திரண்டு. முப்பது வருஷம் கோர்ட்டில் சாட்சிகள் சொன்னதையெல்லாம் தட்டச்சு செய்தவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம் எங்கள் மெஷினோடு அவருக்குப் பிழைப்பு. தம்பி வீட்டில் இருந்தார். தம்பிதான் வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். ஏழு மாதமாக அந்த அம்மா யாருடனும் நாலு வார்த்தை சேர்த்துப் பேசியதில்லை. எடை பார்க்கச் சொன்னால் ஏறி நிற்பார், படுக்கச் சொன்னால் படுப்பார். ஊசி போடும் கையை மட்டும் அவராக நீட்டியதே இல்லை. டெக்னீஷியன்தான் அதைத் தூக்கித் தலையணைமேல் வைத்து, இரண்டு ஊசிகளையும் ஏற்ற வேண்டும். அப்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

ஒரு நாள் ஊசியை எடுத்த இடத்தில் நான் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார்.

"இந்த மாசத்தோட நிறுத்திக்கலாம்னு இருக்கேன் சிஸ்டர். போதும்."

நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றிரண்டு வாரம், அவ்வளவுதான். டாக்டரிடம் ஓடினேன். டாக்டர் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசினார். அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, முடிவு செய்ய வேண்டியது நான்தானே டாக்டர் என்று மரியாதையாகக் கேட்டார்.

டெக்னீஷியனிடம் சொன்னேன். அவர் ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லப் போகவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அடுத்த தடவை அவர் செய்ததெல்லாம், நாலாம் படுக்கைக்கும் மூன்றாம் படுக்கைக்கும் பொதுவாக இருந்த டிவியில் ஒரு பென் டிரைவைச் செருகியதுதான். மூன்றாம் படுக்கை லாரி டிரைவர் சண்டைப் படம் கேட்டு முறைத்துக்கொண்டார். கடைசி ஒரு மணி நேரம் இது, மீதி மூன்று மணி நேரம் உங்கள் சண்டை என்று அவரோடு பேசி முடித்தார்.

அது ஏதோ வெளிநாட்டுத் தொடர், தமிழில் பேச வைத்திருந்தார்கள். ஒரு சின்ன ஊர். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு ஆள் காணாமல் போகிறார். மறுநாள் காலையில் அப்படி ஒருவர் இருந்ததே ஊரில் யாருக்கும் ஞாபகம் இல்லை, பெற்ற தாய்க்குக்கூட. தபால் நிலையத்தில் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதோடு, காணாமல் போனவர்களின் பெயருக்குக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அதில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டைப்பிஸ்ட் அம்மா முதல் நாள் சுவரைப் பார்த்தார். இரண்டாம் நாள் பாதி சுவர், பாதி டிவி. மூன்றாம் நாள், ஒரு போலீஸ்காரர் சாட்சியை விசாரிக்கிற காட்சி வந்தபோது வாயைத் திறந்துவிட்டார்.

"சாட்சி இப்படிக் கோர்வையாப் பேச மாட்டான் தம்பி. நான் டைப் அடிச்சிருக்கேன். பாதி வாக்கியத்துல நிறுத்திட்டுத் தண்ணி கேப்பான்."

டெக்னீஷியன் மெஷினை விட்டுவிட்டு வந்து, தண்ணீர் கேட்டால் பொய்யா, கேட்காவிட்டால் பொய்யா என்று கேட்டார். அன்றைக்கு ஆரம்பித்த வாக்குவாதம்தான். நாளுக்கு ஒரு பகுதி. பகுதி முடிந்ததும் இரண்டு பேரும் மார்க் போடுவார்கள், ஒத்தே போகாது. லாரி டிரைவர்கூடத் தூங்குவதை விட்டுவிட்டு நடுவில் புகுந்து ஏதாவது சொல்லி இரண்டு பேரிடமும் வாங்கிக் கட்டிக்கொள்வார். மாசம் முடிந்தது. நான் பயந்துகொண்டே, ஏதாவது முடிவு செய்தீர்களா என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அந்தக் கடிதத்தையெல்லாம் யார் எழுதறாங்கன்னு தெரியணும் சிஸ்டர். தொடர் முடியட்டும். அன்னிக்கே நானும் நிறுத்திக்கறேன்" என்றார்.

விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை. இதையும் டெக்னீஷியனிடம் சொன்னேன். அவர் விரலை மடக்கிக் கணக்குப் போட்டார். இரண்டு சீசன் கையில் இருந்தது, மூன்றாவதும் கடைசியுமான சீசன் சீக்கிரமே வரப்போகிறது என்றார்.

அந்த அம்மா இரண்டு சீசனையும் பார்த்து முடித்த வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை அது வெளியானது. பத்துப் பகுதிகளையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வீட்டில் துக்கம் நடந்த மாதிரி முகத்தோடு வந்தார். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். சொதப்பிவிட்டார்களாம். இரண்டு சீசன் நிதானமாகப் போன கதையில், கடைசியில் வானத்திலிருந்து ஏதோ கப்பல் வந்து இறங்கி, ஊரே வெடித்து, எல்லோரும் திரும்பி வந்து கட்டிப்பிடித்துக்கொள்கிறார்களாம்.

"கடிதம்?" என்றேன். எனக்கே அது தேவையாக இருந்தது.

"அதை எழுதினவனே மறந்துட்டான் சிஸ்டர். ஒரு வார்த்தை இல்ல."

மருந்துக் கேன்கள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். பென் டிரைவ் தொலைந்துவிட்டது என்று சொல்லுங்கள் என்றேன். நாலாவது சீசன் வரப்போகிறது, அதில் எல்லாம் தெரியும் என்றாவது சொல்லுங்கள் என்றேன். மனிதர் ஒற்றைக்காலில் நின்றார். அந்த அம்மா இருபது பகுதி பார்த்த கதையை மறைக்க நான் யார் என்றார். முப்பது வருஷம் பொய்ச் சாட்சிகளைக் கேட்டுக் கேட்டு டைப் அடித்தவர், என் முகத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவார் என்றார்.

"அண்ணா, இது உங்க மச்சான் படம் இல்ல. ஒரு உயிர்" என்றேன்.

அவர் கண் கலங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனாலும் மாட்டேன் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு, வேலைக்குத் தேவையான பேச்சைத் தவிர அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன்.

மூன்று வாரமும் ஒரு நாளும் ஓடின. கடைசிப் பகுதி ஒரு திங்கட்கிழமை. கப்பல் இறங்கியது, ஊர் வெடித்தது, கட்டிப்பிடித்தார்கள், பெயர்கள் ஓடின. டைப்பிஸ்ட் அம்மா இன்னும் ஏதோ வரும் என்பது போலத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டெக்னீஷியன் டிவியை நிறுத்திவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்கையருகே உட்கார்ந்தார். நான் பக்கத்துப் படுக்கையில் பிரஷர் பார்க்கிற சாக்கில் நின்றேன்.

"கடிதம்?" என்று கேட்டார் அந்த அம்மா.

"சொல்லல மேடம். விட்டுட்டாங்க."

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"வந்த அன்னிக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா மூணு வாரம் எனக்குப் போட்டுக் காட்டினீங்க?"

டெக்னீஷியன் தலையைக் குனிந்தபடி சொன்னார்: "இவ்வளவு கோபத்தை நான் ஒருத்தனா வெச்சுக்க முடியல மேடம். வீட்ல யாரும் பாக்க மாட்டாங்க. கூட உக்காந்து திட்ட எனக்கு வேற ஆள் இல்ல."

எத்தனை மார்க் போட்டீர்கள் என்று கேட்டார் அந்த அம்மா. மூன்றாவது சீசனுக்கு நாலு என்றார் இவர். நாலு எதற்கு, எதற்காக நாலு என்று அவர் எழுந்து உட்காரப் பார்க்க, மெஷின் அலறியது. பிரஷர் இறங்கியிருந்தது. படுக்கவைத்து, காலை உயர்த்தி, அவரைச் சரிசெய்வதற்குள் நேரம் முடிந்துவிட்டது. தம்பி வந்து அழைத்துப்போனார். புதன்கிழமை வருவாரா மாட்டாரா என்று சொல்லாமலே போனார்.

புதன்கிழமை ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழே கால் ஆகியும் வரவில்லை. நாலாம் படுக்கையின் மெஷினைத் தயாராக ஓடவிட்டுவிட்டு டெக்னீஷியன் அதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். உங்கள் நேர்மையைக் கொண்டுபோய்க் குப்பையில் போடுங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டேன்.

ஏழு இருபதுக்கு அந்த அம்மா வந்தார். பிளாஸ்டிக் உறையில் மூன்று பக்கம், கோர்ட் வாக்குமூலம் மாதிரி ஓரம் விட்டு, பத்திக்கு எண் போட்டு அடித்திருந்தார். பிரிண்ட் எடுக்கத் தாமதமாகிவிட்டது என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை டெக்னீஷியன் கையில் கொடுத்தார்.

டெக்னீஷியன் நின்றபடியே படித்தார். நானும் எட்டிப் பார்த்தேன். கடிதங்களை எழுதியது அந்தத் தபால் நிலையப் பெண்தானாம். எல்லா உறைகளிலும் முகவரி தட்டச்சு செய்யப்பட்டிருந்ததாம். எல்லாவற்றிலும் ஒரே ஒரு எழுத்து மட்டும் வரியை விட்டு ஒரு மயிரிழை மேலே ஏறி நிற்கிறதாம். முதல் சீசன் நாலாம் பகுதியில், தபால் நிலையச் சுவரில் அவளே அடித்து ஒட்டிய விடுமுறை அறிவிப்பிலும் அதே எழுத்து அதே அளவு மேலே. தட்டச்சு மெஷின் ஒன்றுதான், ஆளும் ஒன்றுதான். தனக்கு மட்டும் ஞாபகம் இருந்தால் பைத்தியம் என்பார்கள். கடிதம் வந்தால் ஊரே தேடும் என்று நினைத்து அவளே எழுதியிருக்கிறாள். பத்தி எண் பதினொன்று.

அந்தத் தொடரை மூன்று தடவை பார்த்தவர் இவர். வாயைத் திறந்தவர் மூடவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, பஞ்சு எடுக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். இப்போதாவது இந்த மனிதர் பத்துக்குப் பத்து போடுவார் என்று நினைத்தேன். அவர் இரண்டாம் பக்கத்தை மறுபடி புரட்டினார்.

"ஒரு ஓட்டை இருக்கு மேடம்."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"படம் எடுத்தவங்ககிட்ட டைப்ரைட்டரே ஒண்ணுதான் இருந்திருக்கும். எல்லாத்தையும் அதுலயே அடிச்சு ஒட்டியிருப்பாங்க. இது சாட்சி ஆகுமா?"

டைப்பிஸ்ட் அம்மா எடை மெஷினில் ஏறி இறங்கினார். செருப்பைக் கழற்றினார். படுக்கையில் ஏறிச் சாய்ந்துகொண்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"முதல் சீசனை மறுபடி போடுங்க. கடிதம் வர்ற ஒவ்வொரு இடமாக் காட்டறேன். அப்புறம் சொல்லுங்க ஆகுமா ஆகாதான்னு" என்று சொல்லி, கையைத் தானாகவே தலையணைமேல் நீட்டினார்.