நல்லமிளகுக் காப்பியும் என் இடக்கண்ணும்

கண்ணில் மணல் விழுந்த மாதிரி ஓர் உறுத்தலில்தான் எல்லாம் தொடங்கியது. அப்போது எனக்கு முப்பது வயதிருக்கும். நாகர்கோவிலுக்குத் தெற்கே, எங்கள் சபையார் நடத்திய கூடத்தில் லேஸ் பின்னிக்கொண்டிருந்தேன். காலையில் இமையோரம் பொருக்குக் கட்டியிருக்கும். வெளிச்சத்தைப் பார்த்தால் நீர் கொட்டும். இரண்டு மாதத்துக்குள் கன்னமும் மூக்கும் சிவந்து பருக்கள் கிளம்பின.

கண்ணாடி முன் நின்றபோது எனக்குத் தோன்றியது ஒரே பெயர்தான். குஷ்டம். அது வந்தால் கண்ணும் போகும் என்று கேட்டிருந்தேன். எனக்குக் கைக்குழந்தை வேறு. பிள்ளையைத் தொடவிடமாட்டார்களே.

எங்கள் சபையில் திருவிருந்தின்போது திராட்சரசத்தை எல்லோரும் ஒரே கிண்ணத்தில்தான் குடிப்போம். பக்கத்தில் முழங்காலிட்டிருந்தவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தின் விளிம்பைப் பார்த்தாள். அடுத்த முறை நானே எழும்பாமல் பெஞ்சில் இருந்துவிட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கணவர் கூப்பிடும்போதெல்லாம் ஒரு சாக்குச் சொன்னேன். டாக்டர் வாயால் அந்தப் பெயரைக் கேட்கும் தைரியம் எனக்கில்லை. நான் பெரிய பயந்தாங்கொள்ளி.

கணவரின் அம்மா, என் மாமி, கைவைத்தியத்தில் இறங்கினார். கருப்புக்கட்டியும் சுக்கும் போட்டு, நல்லமிளகைத் தாராளமாகத் தட்டிச் சேர்த்து, கொதிக்கக் கொதிக்கக் காப்பி. மூன்று வேளையும். குடித்ததும் முகம் தீயாக எரியும், கண் ரத்தமாகச் சிவக்கும்.

“குடி மக்கா. எரிஞ்சாத்தான் உள்ள கெடக்க கேடு வெளிய வரும்,” என்பார்.

மாமியின் பாசத்தில் குறையில்லை. நானும் ஆறு மாதம் நம்பிக் குடித்தேன். ஒரு நாள் வலக்கண்ணைத் துடைப்பதற்காக மூடினேன். லேஸ் பின்னுவதற்காகத் தலையணையில் குத்தியிருந்த குண்டூசிகள் இடக்கண்ணுக்குக் காணாமல் போயின. அன்றே கணவரோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டரம்மா ஓர் ஊசியை எடுத்தார். “கண்ண மூடிக்கிடுங்க. நான் குத்துத எடத்த வெரலால தொட்டுக் காட்டணும்.”

கன்னத்தில் சுருக்கென்றது. தொட்டுக் காட்டினேன். மறு கன்னம், மூக்கு, நெற்றி என்று எல்லா இடத்திலும் வலித்தது. குஷ்டமென்றால் தோல் மரத்துப்போயிருக்கும். அந்த வலியில் எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அழுதேன்.

குஷ்டமில்லை என்றார். முகத்துத் தோலில் வரும் ஒரு கோளாறு, என் வாயில் நுழையாத ஓர் இங்கிலீஷ் பெயர், இமையிலும் இறங்கியிருக்கிறது. ஒட்டுவது இல்லை. அடியோடு தீரவும் தீராது, அடக்கி வைக்கலாம். வெதுவெதுப்பான துணியை மூடிய இமைமேல் காலையும் மாலையும் வைத்து, ஓரத்தை மெல்லத் துடைக்க வேண்டும். வெயிலில் குடை வேண்டும், அடுப்பு அனலில் முகம் காட்டக்கூடாது. எரிப்பும் சூடுமாக எதுவும் குடிக்கக்கூடாது என்றதும் கணவர் என்னைப் பார்த்தார்.

பிறகு டாக்டரம்மா என் இடக்கண்ணை நெடுநேரம் சோதித்தார். கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டதாம்.

“கொஞ்சம் முன்னாலயே வந்திருக்கக் கூடாதா?” என்றார்.

ஒட்டாத நோய்க்கு வெட்கப்பட்டு ஒளிந்திருந்தேன். அந்த ஆறு மாதத்தில்தான் கண் போனது. மாமியிடம் நாங்கள் காப்பியைப் பற்றி வாயே திறக்கவில்லை. எப்படியோ தெரிந்துகொண்டார். அதன் பிறகு எனக்கு எது கொடுத்தாலும் தன் விரலை விட்டுச் சூடு பார்த்துத்தான் கொடுப்பார்.

இப்போதும் விழித்ததும், மிச்சமிருக்கும் வலக்கண்ணைத் திறக்க எனக்குப் பயம். எதிரே ஜன்னலில் ஐந்து கம்பிகள். ஐந்தையும் எண்ணி முடிக்கும்வரை நான் யாரோடும் பேசுவதில்லை.