பாகம் பிரிக்காத ஜீப்புக்கு ஒரு பம்பர்

நைனா போன பிறகு நானும் அண்ணனும் பாகம் பிரித்துக்கொண்டோம். நிலம், மாமரம், கிணற்றுத் தண்ணீர், அண்டா குண்டா எல்லாம் பிரித்தாயிற்று. ஜீப்பை மட்டும் பிரிக்க முடியவில்லை. முன்பாதி ஒருவருக்கு, பின்பாதி ஒருவருக்கு என்று கொடுத்தால் யாரும் எங்கும் போக முடியாது. ஆகவே ஒரு மாதம் அவருக்கு, ஒரு மாதம் எனக்கு, அமாவாசைக்கு அமாவாசை கைமாற்றுவது என்று பெரிய மனிதர்கள் தீர்த்துவைத்தார்கள்.

அந்தக் கூட்டத்தில்தான் அண்ணன், “நான் ஏர் புடிச்சிக்கினு இருந்தேன், இவன் வெல்டிங் கடையில ஒக்காந்துக்கினு டீ குடிச்சான்” என்றார். டீ குடித்தது உண்மைதான். அதைச் சபையிலா சொல்வது? அன்று எழுந்து வந்தவன்தான், இரண்டு வருஷமாகப் பேசவில்லை. குடிபாலா ஊர்ப் பக்கம் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே மதில். அமாவாசை காலையில் அதன்மேல் சாவி இருக்கும். எங்கள் உறவு அவ்வளவுதான்.

அவருடைய மாதத்தில் ஒரு காட்டுப்பன்றி வந்து ஜீப்பின் முன்பம்பரை இடித்தது. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. பம்பர் தொங்கிவிட்டது. அதைக் கயிற்றால் கட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காதது மாதிரி சாவியை மதில்மேல் வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதற்கு நடுவில் காளஹஸ்தியிலிருந்து தங்கை போன் செய்தாள். அவள் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும்.

“ரெண்டு பேரும் நைனா ஜீப்புலதான் வந்து எறங்கணும். தனித்தனியா வந்தீங்கன்னா என் மாமனார் மடியில வெச்சி குத்திடுவேன்” என்றாள்.

சொன்னால் செய்கிறவள் அவள். அந்தக் குழந்தையை முதன்முதலில் கையில் வாங்கிய அன்றே, காதுகுத்துக்கு என் மடிதான் என்று நினைத்துவைத்திருந்தேன். போனை வைத்ததும் காலண்டரைப் பார்த்தேன். விசேஷம் அண்ணனுடைய மாதத்தில் வருகிறது. அவரிடம் போய், என்னையும் ஏற்றிக்கொள் என்று கேட்பதா? அதைவிட பம்பர் செய்வது சுலபம். கயிறு கட்டிய வண்டியில் தாய்மாமன் சீர் போனால் நன்றாகவா இருக்கும் என்று எனக்கு நானே காரணமும் சொல்லிக்கொண்டேன்.

திருப்பதியில் ஒரு கடையில் பம்பர் கிட் கிடைத்தது. தகடுகளை வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெல்டிங் நம் பாடு. கடைக்காரர், “அண்ணா, பிகிஞ்சேட்டப்புடு இத்தரு உண்டாலி” என்றார். மாட்டும்போது இரண்டு பேர் இருக்க வேண்டுமாம். இரண்டு பேர் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

முறை என்னவென்றால், தகடுகளை வண்டியிலேயே பொருத்திப் பிடித்து, பொட்டுப் பொட்டாக வெல்டிங் வைத்து, அளவு சரியா என்று பார்த்துவிட்டுப் பிறகுதான் கழற்றி முழுதாக ஒட்ட வேண்டும். பிடிக்க ஆள் இல்லாததால் நான் தரையில் போட்டே முடித்துவிட்டேன். சூட்டில் இரும்பு இழுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் செய்தேன், வீம்பு.

கறுப்பு பெயின்ட் அடித்து, ஜாக்கி, செங்கல், நெல்மூட்டை எல்லாம் முட்டுக்கொடுத்து ஏற்றினால், இடப்பக்கத் துளை சேஸிஸ் துளைக்கு நேராக வருகிறது, வலப்பக்கம் ஒரு விரல் தள்ளி நிற்கிறது. வலப்பக்கம் போய்த் தள்ளினால் இடப்பக்கம் நழுவுகிறது. மறுநாள் அமாவாசை. அண்ணன் மதிலுக்கு அந்தப் பக்கம் டீ டம்ளரோடு நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். டீ குடிப்பது இப்போது குற்றமில்லை போலிருக்கிறது.

கடைசியில் அவருக்கே பொறுக்கவில்லை. சுற்றிக்கொண்டு வந்து வலப்பக்க முனையைப் பிடித்தார். என்னைப் பார்க்கவில்லை. எங்கள் நாயைப் பார்த்து, “ஒரு நூல் மேல தூக்கச் சொல்லு” என்றார். நானும் நாயிடமே, “தூக்கிக்கினுதான் இருக்கேன்னு சொல்லு” என்றேன். நாய் எழுந்து போய்விட்டது. அதற்கு எதற்கு ஊர் வம்பு?

துளை நேராக வந்துவிட்டதா என்று விரல் விட்டுப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்து ஜாக்கி சரிந்தது.

“டேய்! கைய எடுறா! கைய எடு!”

எடுத்தேன். கை இருந்த இடத்தில் பம்பர் வந்து உட்கார்ந்தது. அண்ணன் முகம் வெளுத்துவிட்டது.

“அறிவு கீதாடா உனக்கு? ஒத்த ஆளா செய்யிற வேலையாடா இது?”

“கூப்ட்டா வந்துருவியாண்ணா?”

“கூப்ட்டுப் பாத்தியாடா?”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. குனிந்து ஸ்பேனரைத் தேடினேன். அது கையில்தான் இருந்தது. அப்புறம் துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்தி, அவர் தாங்கிக்கொள்ள, நான் போல்ட்டை முடுக்கினேன். அவ்வளவு பேசியதே அதிகம் என்பதுபோல் அவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

காதுகுத்து அன்று காலை என் வாசலில் ஹாரன் கேட்டது. சீர்த்தட்டுகளோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் மாதம், அவர்தான் ஓட்டினார். திருப்பதி தாண்டியும் அவர் ரோட்டையே பார்த்தார், நான் சீர்த்தட்டுகளையே பார்த்தேன்.

புதுப் பம்பர் பழையதைவிட ஒரு ஜாண் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அது அவருக்குப் பழக்கமில்லை. தங்கை வீட்டு வாசலில் திரும்பினார். டமாரென்று கேட் உள்பக்கம் மடங்கியது. பம்பரில் ஒரு கீறல் இல்லை.

“என்னாண்ணா, கண்ணு தெரியலயா?”

“ஒரு ஜாண் நீட்டி வெச்சிக்கினு என்னைக் கேக்குறியா? டீ குடிச்சிக்கினே அளவெடுத்தா இப்டித்தான்!”

“உன் மாசத்துல எதத்தான் இடிக்காம வுட்ட நீ?”

“போடா! பன்னி வந்து இடிச்சா நான் என்னாடா பண்ணுவேன்?”

தெருவே கூடிவிட்டது. தங்கை மஞ்சள் கையோடு ஓடி வந்தாள். மடங்கிய கேட்டை அவள் பார்க்கவேயில்லை. எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் சட்டென்று வாயை மூடிக்கொண்டோம்.

“ஏன் நிறுத்திட்டீங்க? போடுங்கண்ணா, சண்ட போடுங்க” என்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. “நம்ம ஊட்டு சத்தம் கேட்டு ரெண்டு வருஷமாச்சு.”

இடது காதை அவர் மடியில் வைத்துக் குத்தினார்கள், வலது காதை என் மடியில். குழந்தை இரண்டு மடியிலும் ஒரே அளவுக்குத்தான் கத்தியது. சாப்பிட்டுவிட்டு, பக்கத்துப் பட்டறையில் மெஷினை வாங்கி வந்து கேட்டுக்கு வெல்டிங் வைத்தேன். அண்ணன் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டார்.