துண்டுக்குள்ளே யார் இன்ஸ்பெக்டர்?

"வூட்ல படிச்ச மொத ஆளே நீதான்னு சொல்ற. அப்புறம் ஸ்கிரிப்ட் பக்கம்லாம் எதுக்கும்மா? ஆர்ட்டிஸ்ட்டுங்கள ஷாட்டுக்குக் கூப்டுக்கினு வா. அது போதும்."

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கோ-டைரக்டர் பிரபாகர் சார் சொன்னது இது. அவர் கெட்டவர் இல்லை. என் பயோடேட்டாவைப் பார்த்துவிட்டு எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். அம்மா சேலையூர் கேம்ப் ரோட்டில் மீன் விற்கிறார். அப்பா மீன் வண்டி ஓட்டுகிறார். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. என் விஸ்காம் பட்டத்தைக் கண்ணாடி போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் முதலில் அதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக அப்பா காலண்டரை வேறு சுவருக்கு மாற்றினார்.

ஓடிடியில் வரப்போகும் ஒரு போலீஸ் காமெடி சீரீஸில் எனக்கு வேலை. திருடனைத் துரத்தும் கதை இல்லை. ஒரே ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர்கள் ஒருவரை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பதுதான் கதை. முடிச்சூரில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து ஸ்டேஷனாக மாற்றியிருந்தார்கள். ஹால் சுவரில் பழைய வெள்ளத்தின் கறை எவ்வளவு பெயின்ட் அடித்தும் மேலே வந்துகொண்டே இருந்தது. ஆர்ட் டைரக்டர் அதன் மேல் நோட்டீஸ் போர்டை மாட்டிவிட்டார்.

விறைப்பு

ஷூட்டிங்குக்கு முன்பு ஒரு வாரம் தனசேகர் சார் பயிற்சி கொடுத்தார். அவர் ரிட்டயர்டு எஸ்.ஐ. எப்படி நிற்பது, எப்படி சல்யூட் வைப்பது, மேலதிகாரி உள்ளே வந்தால் எப்படி எழுந்திருப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டராக நடிக்க வந்த ஸ்டெல்லா அக்கா தாம்பரத்தில் பள்ளி ஆசிரியை. சர்ச் நாடகங்களில் பல வருடம் நடித்தவர். ஏட்டாக நடித்த முருகவேல் அண்ணா நாடகக்காரர். இருவரும் பழைய நண்பர்கள். பார்த்தாலே வம்புக்கு இழுத்துக்கொள்வார்கள்.

பயிற்சி நன்றாகவே பலித்தது. அதுதான் சிக்கல். காக்கிச் சட்டையைப் போட்டதும் முருகவேல் அண்ணா வேறு ஆளாகிவிடுவார். ஸ்டெல்லா அக்கா தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால்கூட நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். டைரக்டர் ஆனந்த் சார் காட்சிக்குக் காட்சி ஜோக் சேர்த்தார். அண்ணா ஒவ்வொரு ஜோக்கையும் அட்டென்ஷனில் நின்று, வழக்கு விவரம் சொல்வதுபோல் சொல்லி முடித்தார். லைட் மேன்கூடச் சிரிக்கவில்லை.

முதல் இரண்டு எபிசோடையும் ஓடிடிக்காரர்கள் பார்த்தார்கள். எல்லாரும் ஒழுங்காக நிற்கிறார்கள், ஆனால் யாருக்கும் யாரையும் பிடித்த மாதிரியே தெரியவில்லை என்றார்கள். மூன்றாவதும் இப்படியே இருந்தால் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். படித்த படிப்புக்கு எனக்குக் கிடைத்த முதல் வேலை, நான் அதைக் கற்றுக்கொள்வதற்குள் போய்விடும்போல் இருந்தது.

மதியச் சாப்பாடு

காஸ்ட்யூமர் மும்தாஜ் அக்காவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆளுக்கு ஒரே செட் யூனிஃபார்ம். சாம்பார் சிந்தினால் அடுத்த ஷாட்டில் கறை தெரியும். அதனால் சாப்பிடும்போது எல்லாரும் கழுத்திலிருந்து முழங்கால் வரை பெரிய துண்டைக் கட்டிக்கொள்ள வேண்டும், சலூனில் கட்டுவதுபோல. இன்ஸ்பெக்டர், ஏட்டு, கான்ஸ்டபிள் யாருக்கும் விலக்கு இல்லை.

ஷாட்டுக்குக் கூப்பிடுவது என் வேலை என்பதால் சாப்பாட்டு இடத்துக்கு நான்தான் அடிக்கடி போவேன். துண்டு கட்டியதும் அங்கே விறைப்பெல்லாம் போய்விடும். ஒருநாள் அம்மா கொடுத்தனுப்பிய நெத்திலி வறுவலை வைத்தேன். ஸ்டெல்லா அக்கா தன் பங்கை முடித்துவிட்டு முருகவேல் அண்ணா தட்டில் கை வைத்தார்.

"டீச்சர், பசங்க டிபன் பாக்ஸ்லயும் இப்டித்தான் கை வெப்பியா?" என்றார் அண்ணா.

"வெப்பேன். அவனுங்க உன்ன மாதிரி கணக்குப் பாக்க மாட்டானுங்க."

எல்லாரும் புரையேறச் சிரித்தார்கள். ஷாட் ரெடி என்று நான் சொன்னதும் துண்டை அவிழ்த்தார்கள். கதவைத் தாண்டுவதற்குள் அண்ணாவின் முதுகு நிமிர்ந்துவிட்டது.

அன்று சாயங்காலம் ஆனந்த் சாரிடம் போய் என் யோசனையைச் சொன்னேன். ஸ்டேஷனில் மதியச் சாப்பாடு. எல்லாரும் துண்டு கட்டியிருக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் ஏட்டின் தட்டிலிருந்து நெத்திலி எடுத்துத் தின்கிறார். ஸ்டார், பெயர் பேட்ஜ் எதுவும் வெளியே தெரியாது. பைக் தொலைந்த ஒருவர் புகார் கொடுக்க வருகிறார். இதில் யார் இன்ஸ்பெக்டர் என்று அவருக்குத் தெரியாது. தொப்பை பெரிதாக இருப்பவர்தான் பெரிய அதிகாரி என்று நினைத்து ஏட்டிடம் போய்ப் புகாரைச் சொல்கிறார்.

தனசேகர் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு இன்ஸ்பெக்டரம்மா ஏட்டு தட்டுல கை வெப்பாங்களா? டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மரியாதை கீதும்மா" என்றார். பிரபாகர் சாரும் தலையாட்டினார். ஆனந்த் சார் நாளைக்குப் பார்க்கலாம் என்றார். சினிமாவில் அதற்கு வேண்டாம் என்று அர்த்தம். எனக்கு அது தெரியும். ஆனாலும் மறுநாள் ஆனந்த் சாரைக் கேரவனில் சாப்பிட விடாமல் எங்களோடு வந்து உட்காரச் சொன்னேன்.

தனசேகர் சாருக்கும் மும்தாஜ் அக்கா துண்டு கட்டிவிட்டார். அவர் அப்பளத்தைக் கடைசியில் தின்பதற்காக ஓரமாக வைத்திருந்தார். ஸ்டெல்லா அக்கா பேசிக்கொண்டே அதை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தனசேகர் சார் நிதானமாகத் திரும்பினார். "மேடம், இது வழிப்பறி கேஸு. ஜாமீன் கெடைக்காது."

"சாட்சி யாரு சார்?" என்று கேட்டார் அக்கா, மென்றுகொண்டே.

"இதோ நம்ம ஏட்டு கீறாரே."

"நான் ஒண்ணும் பாக்கல சார். குனிஞ்சி ரசம் ஊத்திக்கினு இருந்தேன்" என்றார் முருகவேல் அண்ணா.

தனசேகர் சார் சிரித்த சிரிப்பில் துண்டே அவிழ்ந்துவிட்டது. ஆனந்த் சார் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து கேமராமேனைக் கூப்பிட்டார். பிரபாகர் சார் கையைக் கழுவிக்கொண்டு என்னிடம் வந்து, "இப்ப பேசினாங்கள்ல, அத மாதிரி எழுதிக் குடு. சீக்கிரம்" என்றார். நான் கை கழுவக்கூட இல்லை.

அந்தக் காட்சி

புகார் கொடுக்க வந்தவர் முருகவேல் அண்ணா முன்னால் கை கட்டி நிற்கிறார். அண்ணா மறுக்கப் போகிறார். இன்ஸ்பெக்டர் பக்கத்திலிருந்து, "ஐயாகிட்ட தெளிவா சொல்லுங்க" என்கிறார். ஏட்டு கொஞ்ச நேரம் இன்ஸ்பெக்டர் ஆகிறார். அதுவரை என் எழுத்து. பிறகு நடந்ததை நான் எழுதவில்லை. அண்ணா பெருமூச்சு விட்டுவிட்டு ஸ்டெல்லா அக்காவைப் பார்த்து, "தண்ணி கொண்டாம்மா" என்றார். அக்கா ஒரு நொடி முறைத்தார். பிறகு எழுந்து போய்க் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் திருப்தியாகக் கிளம்பும் நேரத்தில் அக்கா துண்டை அவிழ்த்தார். தோளில் ஸ்டார். அண்ணா வாய் நிறையச் சோற்றோடு, கையில் என் அம்மா அன்றும் கொடுத்தனுப்பிய நெத்திலியோடு, துள்ளி எழுந்து சல்யூட் வைத்தார். தனசேகர் சார் கற்றுக்கொடுத்த சல்யூட், ஒரு பிசிறு இல்லை. மானிட்டர் பக்கத்தில் நின்ற அவர், "சல்யூட் கரெக்ட்டா கீது பாரு" என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஓடிடிக்காரர்கள் அந்த எபிசோடைப் பார்த்துவிட்டு முழு சீரீஸையும் எடுக்கச் சொன்னார்கள். டைட்டிலில் 'கூடுதல் வசனம்' என்று என் பெயர் வந்தது. அம்மா வியாபாரத்துக்கு நடுவே சாப்பாட்டுக் காட்சியையும் என் பெயரையும் போனில் நிறுத்தி நிறுத்தி வாடிக்கையாளர்களுக்கெல்லாம் காட்டினாராம். வீட்டுக்கு வந்தபோது போன் திரையில் மீன் செதில் ஒட்டியிருந்தது. "அந்த அம்மா துன்றது நம்ம வூட்டு நெத்திலி" என்பதைத்தான் முதலில் சொன்னாராம். என் பெயர் அதற்கு அப்புறம்தான்.

இந்த வேலைக்கு வர நினைக்கும் தங்கைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கூட வேலை பார்க்கிறவர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் அவர்கள் வேலை மேஜையில் உட்கார்ந்திருக்கும்போது கவனித்தால் போதாது. அவர்கள் சாப்பிடும் இடத்தில் போய் உட்காருங்கள். யார் தட்டில் யார் கேட்காமல் கை வைக்கிறார்கள் என்று பாருங்கள். மற்றதைத் தனசேகர் சார் போன்றவர்கள் சொல்லித் தருவார்கள்.

இப்போது சொந்தமாக ஒரு கதை எழுதுகிறேன். படப்பையிலிருந்து ஒரகடத்துக்குக் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்ட்டுக்குப் போகும் பெண்கள் ஆறு பேர், ஒரு டிரைவர். அந்த ஸ்டாப்பில் போய் நின்று, அவர்களோடு பேசிப் பழகி, முதல் எபிசோடை முடித்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு பேரையும் எங்கள் வீட்டுக்கு அழைத்து உட்காரவைத்து, முழுவதையும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். இரண்டு இடங்களில் நாங்கள் இப்படிப் பேச மாட்டோம் என்றார்கள். அந்த இரண்டையும் மாற்றி எழுதி, திங்கட்கிழமை காலையில் ஓடிடிக்காரர்களுக்கு அனுப்பிவிட்டேன்.