உபரி நீர்

அந்தப் பட்டறை மேலாளரை இன்றைக்கு எங்கேயாவது பார்த்தாலும் எனக்கு ஆத்திரம் வரும்.

நான் அப்போது ஏழாம் வகுப்பு. வெள்ளானூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த குத்தகை நிலத்தில் அம்மா கீரை போட்டிருந்தாள். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை. விடியும் முன் பறித்துக் கட்டி ஆவடி மார்க்கெட்டுக்கு அனுப்புவோம். நிலத்தை ஒட்டி ஒரு முலாம் பட்டறை வந்தது. இரும்புச் சாமான்களுக்குப் பளபளப்பு ஏற்றும் இடம். சில மாதங்களில் அதன் பின்சுவரில் ஒரு குழாய் தலையை நீட்டியது. அதிலிருந்து மஞ்சளும் பச்சையுமாகத் தண்ணீர் வந்து எங்கள் வாய்க்காலில் கலந்தது. கீரையின் ஓரமெல்லாம் நெருப்பில் காட்டியதுபோல் கருகியது. கிணற்றுத் தண்ணீரில் கை கழுவினால் எரிந்தது. தம்பியின் முழங்காலில் வந்த புண் ஆறவேயில்லை.

பட்டறையில் போய்க் கேட்டால் கேட்டைத் திறக்கவில்லை. அதிகாரிகளுக்கு மனு கொடுப்பதென்று தெருவே கூடி முடிவு செய்தது. எழுதும் வேலை எனக்கு. ஒரு பொருளுக்குப் பல சொல் சொல்லும் போட்டியில் பள்ளியிலேயே முதல் பரிசு வாங்கியவள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அம்மா சொல்லச் சொல்ல எழுதியதை, மறுநாள் சாயங்காலம் வாசல்படியில் உட்கார்ந்து திருத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தேன். அம்மா நிலத்தில் இருந்தாள். பட்டறை மேலாளர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றார். வெளுத்த சட்டை, மெல்லிய குரல். காகிதத்தை வாங்கிப் படித்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கேம்மா! ஆனா கழிவுநீர், கழிவுநீர்னு எழுதியிருக்கியே. பெரிய ஆபீசுக்குப் போற மனு, கொச்சையா இருக்காதா? வேற நல்ல சொல் தெரியாதா உனக்கு?"

எனக்குத் தெரியாதா! வடிநீர் என்றேன். வெளியேற்று நீர் என்றேன். உபரி நீர் என்றதும் விரலைச் சொடுக்கினார்.

"அதுதான். அதை எழுது, அசந்துடுவாங்க."

எழுதினேன். ஐந்து இடங்களில் எழுதினேன். அவர் சொன்னதை யாரிடமும் சொல்லவில்லை. முழுப் புகழும் எனக்கே வேண்டியிருந்தது.

அம்மாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். படித்துக் காட்டச் சொன்னாள். பாதியில் நிறுத்தினாள்.

"உபரின்னா இன்னாடி?"

"கழிவுதாம்மா. நல்ல தமிழ்ல எழுதிக்கீறேன்."

"எனக்கே புரியல. அவங்களுக்குப் புரியுமா?"

"படிச்சவங்களுக்குப் புரியும்."

அம்மா பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். அவளுக்குப் பின்னால் தெருவே போட்டது.

பத்து நாள் கழித்து ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். அன்றைக்கென்று குழாய் காய்ந்து கிடந்தது. மேலாளர் பக்கத்திலேயே நடந்துவந்தார். அதிகாரி மனுவைத் தட்டிக் காட்டினார்.

"உபரித் தண்ணின்னு நீங்களே எழுதிக் குடுத்துக்கீறீங்க. மிச்சத் தண்ணி வெளிய வர்றது ஒரு குத்தமாம்மா?"

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. அம்மா கிணற்றில் ஒரு வாளி இறைத்து அவர் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"மிச்சத் தண்ணிதான சார்? ஒரு வாய் குடி. குடிச்சிட்டு எழுதிக்கினு போ."

அதிகாரி ஜீப்பைப் பார்த்து நடந்தார். மேலாளர் போகிற போக்கில் என் தலையைத் தடவினார். "நல்லா எழுதியிருந்தேம்மா" என்றார். அம்மா அதைப் பார்த்தாள். அந்தக் கையையும் பார்த்தாள், என் முகத்தையும் பார்த்தாள்.

அடி விழும் என்று காத்திருந்தேன். அவள் நேராகப் பாத்தியில் இறங்கி, கீரையை வேரோடு பிடுங்க ஆரம்பித்தாள். ஒரு பாத்தி, இரண்டு பாத்தி, எல்லாப் பாத்தியும். "இத்த எவன் புள்ளைக்கு விக்கிறது?" என்று கத்தினாள். என்னைப் பார்த்துக் கத்தவில்லை. பிடுங்கியதை அள்ளிக்கொண்டு போய்ப் பட்டறை கேட்டின் முன்னால் கொட்டினாள். கேட் திறக்கவில்லை.

அதற்குப் பின் இன்னொரு மனு எழுதினோம். அம்மா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதினேன்: பச்சையாக வருகிறது, நாறுகிறது, கை எரிகிறது. ஒரு வருடம் அலைந்தபின் குழாயை எடுத்தார்கள். எங்கே கொண்டுபோய் விட்டார்களோ தெரியாது. கிணறு தேறவேயில்லை. அம்மா அம்பத்தூரில் ஒரு கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனாள்.

வேலையிலிருந்து வந்ததும் தம்பியின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எழுத்துச் சொல்லிக்கொடு என்று என்னிடம் உட்காருவாள். பஸ் போர்டு படிக்கத்தான் கற்றுக்கொள்கிறாள் என்று நினைத்தேன். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் அவள் தடுமாறும்போதெல்லாம் சலித்துக்கொண்டேன். நான் படித்துக் காட்ட மாட்டேனா, உனக்கெதற்கு இது என்று கூடக் கேட்டிருக்கிறேன். அவள் அடுத்த எழுத்துக்குப் போவாள். இனி யார் படித்துக் காட்டினாலும் அதை நம்பிக் கையெழுத்துப் போடுவதில்லை என்று அவள் தீர்மானித்துவிட்டிருந்தாள். அந்த 'யார்' என்பதில் நானும் ஒருத்தி என்பது எனக்கு அப்போது புரியவில்லை.