மீன் பெட்டி மேல் ஓடிய கல்யாணம்

போன வருஷம் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரியின் பாகூர் கொம்யூனில் கடலை ஒட்டிய ஒரு குப்பம். உச்சி வெயிலில், தகரக் கூரை போட்ட மீன் கொட்டகைக்குள், ஷட்டரை இறக்கிவிட்டு, வெளிச்சம் வரும் இடுக்குகளில் எல்லாம் சாக்கைத் திணித்துக்கொண்டு நாங்கள் மூன்று பேர் வெந்துகொண்டிருந்தோம். எல்லாம் ஒரு பல்புக்காக.

நான் வில்லியனூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். சுற்று வட்டாரத்தில் எது எப்போது நடந்தது என்று விசாரித்துத் தேதியோடு எழுதி வைப்பது என் பொழுதுபோக்கு. வீட்டில் இதற்குப் பைத்தியம் என்று பெயர். அந்தப் பைத்தியத்தில் வாங்கியதுதான் எட்டு மில்லிமீட்டர் பிலிம் ஓட்டும் பழைய புரொஜெக்டர். தையல் மெஷின் தலை அளவுதான் இருக்கும். நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதாவது, அந்தக் குப்பத்துக்குப் போகும்வரை.

அங்கே ஓர் அக்கா இருக்கிறார். மொத்தமாக மீன் எடுத்து விற்பவர். ஏலத்தில் அவர் குரல் வந்தால் மற்றவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். அவருடைய கல்யாணத்தை, பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த உறவுக்காரர் ஒருவர் சின்ன கேமராவில் படம் பிடித்திருக்கிறார். பிடித்த கையோடு பிலிமை பிரான்சுக்கே எடுத்துப் போய்விட்டார். அவர் காலமான பிறகுதான், நாற்பது வருஷம் கழித்து, பிள்ளைகள் ஒரு தகர டப்பாவில் போட்டு அனுப்பி வைத்தார்கள்.

அக்காவுக்குத் தன் கல்யாணத்தைப் பார்க்கும் ஆசை எதுவும் இல்லை. அவர் பார்க்க விரும்பியது தம்பியை. கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் கடலுக்குப் போன தம்பி திரும்பி வரவில்லை. வீட்டில் இருந்த இரண்டு மூன்று போட்டோக்களும் ஒரு புயலில் தண்ணீரோடு போய்விட்டன. இப்போது சர்க்கரையால் அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டு வருகிறது. இருக்கிற பார்வையைக் காப்பாற்றலாம், போனது வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால்தான் அவசரம். என்னிடம் மெஷின் இருப்பதைக் கேள்விப்பட்டு ஆள் அனுப்பினார்.

முதல் தடவை நான் போய், கூடத்துச் சுவரில் வேட்டி கட்டிப் பெரிதாகப் படம் காட்டினேன். எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அக்கா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னாப்பா இது, பனியில பூச்சி பறக்கறாப்ல கீது. இதுக்கா அம்மாந்தூரத்துலேர்ந்து வந்த?"

அங்கே ஆரம்பித்தது என் தலைவலி. அதன் பெயர், அக்காவின் மகன்.

திருபுவனையில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை. நல்ல பையன், சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்தில் உள்ள எந்தக் குறைக்கும் வாட்ஸைக் கூட்டினால் போதும் என்று நம்புகிறவன். பல்பு வீக் அண்ணே, எல்.இ.டி. போட்டால் ஸ்டேடியம் மாதிரி ஆகிவிடும் என்றான். பழைய மெஷின்களுக்குப் புது விளக்குப் பொருத்துவது பற்றி நான் நிறையப் படித்திருந்தேன். படித்ததையெல்லாம் சொன்னேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டே மெஷினை வாங்கிக்கொண்டு போனான்.

முதல் விளக்கில் படம் முழுக்கப் பட்டை பட்டையாகக் கறுப்புக் கோடு மேலே போய்க்கொண்டே இருந்தது. இரண்டாவதில் நடுவில் மட்டும் வெள்ளையாக எரிந்தது. மாப்பிள்ளையின் மூக்கு தெரிந்தது, காது தெரியவில்லை. மூன்றாவது விளக்கு உள்ளே அடங்கவில்லை என்று டிரில் போட்டு மெஷினின் பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தான். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். காற்றோட்டத்துக்கு நல்லது அண்ணே என்று எனக்கே ஆறுதல் சொன்னான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் கொண்டுவந்தது நான்காவது. ராத்திரி அவனுக்கு ஷிப்டு. பகலில் கூடத்து ஜன்னல் வெளிச்சம் படத்தைக் கெடுக்கிறது என்று கொட்டகைக்கு மாறினோம். தடைக்காலம் என்பதால் கொட்டகையில் மீன் இல்லை, நாற்றம் மட்டும் இருந்தது. ஐஸ் போட்டு மீன் அனுப்பும் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள் ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. அக்கா அவற்றின் ஓரமாக ஸ்டூல் போட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, வெளிச்சம் பளீரென்று வந்தது. எதிர்ச் சுவர் முழுக்கப் பந்தல். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து பிலிம் எங்கோ சிக்கிப் படம் நின்றது. நின்ற படத்தின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, கொப்பளித்து, விரிந்தது. பாய்ந்துபோய் ஒயரைப் பிடுங்கினேன்.

பிலிம் நின்றுவிட்டால் சூடு அதன் மேல் படாமல் மறைக்க விளக்குக்கு முன்னால் ஒரு சின்னத் தகடு உண்டு. திறந்து பார்த்தால் தகட்டைக் காணோம். கேட்டேன். அது வெளிச்சத்தை மறைக்குதுன்னு கழட்டிட்டேன் அண்ணே என்றான்.

அந்தப் படத்துக்கு வேறு பிரதி கிடையாது. அந்தத் தம்பிக்கும் வேறு படம் கிடையாது. இதை நான் என்ன குரலில் சொன்னேன் என்று இங்கே எழுத வேண்டாம். அக்கா மகன் பக்கம் திரும்பி நிதானமாகக் கேட்டார்: "கம்பெனியிலயும் இப்பிடித்தான் கழட்டிப் போடறியா? உன்னிய எப்பிட்றா இன்னும் வெச்சிருக்கானுங்க?"

நல்ல வேளை, வெந்தது சமையல் அண்டா இருந்த இடம்தான். அதை வெட்டி ஒட்டினேன். புது விளக்கைக் கழற்றி, அவன் பையில் கிடந்த பழைய பல்பையும் தகட்டையும் மாட்டினேன். இனி மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போவது என்று முடிவு செய்துவிட்டேன். போவதற்கு முன், ஒட்டிய இடம் சிக்காமல் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துவிடலாம் என்று, வைத்த இடத்திலேயே சுவிட்சைத் தட்டினேன். கழற்றி மாட்டியதில் மெஷினின் முகம் பெட்டி அடுக்கின் பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு முழம் தூரம்கூட இல்லை. லென்ஸைத் திருகியதும் ஒரு பெட்டியின் வெள்ளைப் பக்கத்தில் சிலேட்டு அளவுக்குப் படம் விழுந்தது.

அவ்வளவு சின்ன இடத்தில் அந்தக் கிழட்டு பல்பின் வெளிச்சம் முழுவதும் சேர்ந்துகொண்டது. வண்ணங்கள் கூடத் துல்லியமாக இருந்தன. நான் பிலிமையே பார்த்துக்கொண்டிருந்தேன். விசிறிச் சத்தம் நின்றதும்தான் திரும்பினேன். அக்கா ஸ்டூலை விட்டு இறங்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் படத்துக்கு ஒரு சாண் தூரத்தில்.

மச்சான் முறைக்கு மாப்பிள்ளையின் காலைக் கழுவிக் கையைப் பிடித்து மணைக்கு அழைத்து வருகிறான் தம்பி. சட்டை அவனுக்குத் தொளதொள என்று இருக்கிறது. கேமராவைப் பார்த்ததும் வெட்கப்பட்டு, மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறான். பிறகு எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான்.

அக்கா அழவில்லை. விரலை நீட்டிப் பெட்டியைத் தொட்டார். அந்தச் சிரிப்பு அவர் விரல் மேல் ஓடியது.

"எம்மாங்கொழந்தைடா இவன்," என்றார் மகனிடம். "பெரிய ஆளாயிட்டான்னு இல்ல கடலுக்கு அனுப்புனோம்."

மகன் அம்மாவின் பின்னால் வந்து உட்கார்ந்தான். திரும்ப ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். மெஷின் சூடாகும்வரை ஓட்டி, ஆறவைத்து, மறுபடியும் ஓட்டினேன்.

கல்யாணப் பந்தலில் தொங்கிய தேதியையும் அக்கா சொன்ன பிறந்த வருஷத்தையும் வைத்து அந்தப் பையனின் வயதை நான் முதல் நாளே கணக்குப் போட்டு எழுதிவிட்டிருந்தேன். சரியான வயதுதான், பிழை இல்லை. ஆனால் அது எவ்வளவு சின்ன வயது என்று அன்றைக்கு அந்தப் பெட்டி முன்னால்தான் எனக்குப் புரிந்தது.

அக்காவின் மகன் இன்னமும் புதிது புதிதாக விளக்குப் படங்களை எனக்கு வாட்ஸப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் இப்போதும் யாராவது காணாமல் போனவர்களின் வயதைச் சொன்னால், அதை எழுதுவதற்கு முன் கொஞ்ச நேரம் பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன்.