கூடத்துக்குள் வந்த கெளுத்தி

எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. நான்கு முறை பெயின்ட் அடித்துவிட்டேன். ஐப்பசி பிறந்தால் போதும், ஈரம் கசிந்து அதே உயரத்தில் வாசலிலிருந்து சமையலறை வரை திரும்ப வந்துவிடும். நல்ல பிரைமர் போடச் சொன்னார் பெயின்டர். இது பிரைமருக்கு அடங்குகிற விஷயம் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்ல?

பாரிவாக்கம் பக்கம் இந்த மனையை நாங்கள் சித்திரையில் பார்த்தோம். அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். என் வீட்டுக்காரர் தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற இருந்தார். நான் பள்ளிக்கூட டீச்சர். மனைக்குக் குறுக்கே ஒரு பள்ளம் ஓடியது. அதில் கோரைப்புல் காய்ந்து கிடந்தது. ஏரி இருக்கிற ஊரில் இடம் வாங்குகிறவர்கள் கார்த்திகையில் வந்து பார்க்க வேண்டும். அந்தப் புத்தி அப்போது இல்லை. பொய் சொல்வானேன், இருந்தது. இடம் மலிவாகக் கிடைத்ததால் அதை வெளியே எடுக்கவில்லை.

கட்டட இடிபாட்டை லாரி லாரியாகக் கொட்டிப் பள்ளத்தை மூடினோம். பின்பக்கம் காம்பவுண்டுச் சுவர் எழுப்பினோம்.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வந்து நின்றார். காலங்காலமாக அங்கே பயிர் வைக்கிற குடும்பம். "டீச்சர், மேல கீற தாங்கல் ரொம்பினா தண்ணி இதுலதான் ஏரிக்குப் போவும். நீங்க பாட்டுக்கு மூடிகினு கீறீங்க. அது எங்க போவும்?"

தாங்கல் என்று அவர் சொன்னது மேட்டுப் பக்கம் இருந்த சின்ன ஏரியை. "மழையே இல்லாத ஊர்ல வெள்ளத்தப் பத்திப் பேசறீங்களே!" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை. போய்ப் புகார் கொடுத்தார்.

அதை விசாரித்து நிலத்தை அளக்கத் தாலுகா ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். "இங்க வாய்க்கால் ஏதாவது இருந்துச்சா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரருக்குப் பொய் வராது. அவர் வாயைத் திறந்ததைப் பார்த்து நான் முந்திக்கொண்டேன். "இல்ல சார். நாங்க வரும்போதே மேடாத்தான் இருந்துச்சு."

பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தவள் நான். நிலத்துக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு ஏரி பாதிகூட நிரம்பவில்லை. ஓரத்துச் சேற்றில் நின்ற நாரைகளைக் காணோம். அவருடைய கிணறு தரைதட்டியது. எங்கள் போர்வெல்லிலும் காற்றுதான் வந்தது. குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நிற்கும்போதெல்லாம் எனக்குக் காரணம் தெரியும். வாயைத் திறக்கவில்லை.

பிறகு ஒரு கார்த்திகையில் தாங்கல் நிரம்பி வழிந்தது. மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். தண்ணீர் கேட்டைத் தாண்டி, வாசல் ஏறி, கூடத்தைக் கடந்து நேராகச் சமையலறைக்குப் போனது. சத்தமே இல்லை. பழகின வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தது. பின்சுவரில் முட்டிக்கொண்டு உயரத் தொடங்கியது.

என் வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே இதயக் கோளாறு. அவரைச் சாப்பாட்டு மேசை மேல் ஏற்றி உட்கார வைத்தேன். மாதா படத்துக்குக் கீழே ஒரு கெளுத்தி மீசையை ஆட்டிக்கொண்டு நின்றது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், "அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்" என்றார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் என்னை இன்னமும் கொல்கிறது. சாயங்காலம்வரை நடுங்கிக்கொண்டே இருந்தார். கடைசியில் தெருவில் இடுப்பளவு தண்ணீரில் வந்து அவரைத் தோளில் தூக்கிப் போனது அந்த நிலத்துக்காரர்தான். அடுத்த தவக்காலம் முடிவதற்குள் என் வீட்டுக்காரர் போய்விட்டார்.

இப்போதும் வானம் கறுத்தால் என் கால்கள் தாமாக நாற்காலி மேல் ஏறிக்கொள்கின்றன. தரைக்கடியில் ஏதோ நகர்கிற சத்தம் கேட்கிறது. வேலைக்காரம்மாவுக்குக் கேட்கவில்லையாம்.

"வித்துட்டு எங்ககூட வந்துடும்மா" என்றான் வெளியூரில் இருக்கும் மகன். எனக்கும் அதே ஆசைதான். இந்தப் புரட்டாசியில் நான்காவது முறையாகப் பெயின்ட் அடித்தேன். ஓர் இளம் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஏழு மாதம். வீடு பிடித்துவிட்டது. மூச்சு வாங்க, அதே சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்: "மழையில தண்ணி உள்ள வருமா ஆன்ட்டி?"

'இல்லம்மா' என்பது நாக்கு நுனியில் இருந்தது. இந்த முறை முந்திக்கொள்ளப் பக்கத்தில் யாரும் இல்லை.

"வரும்மா. இது வாய்க்கால். நாங்கதான் மூடினோம்."

காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள். மகன் போனில் கத்தினான்.

மறுநாள் காலையில் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போனேன். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "பின்சுவர இடிக்கணும், தண்ணி போறதுக்கு" என்றேன். ஒன்றும் கேட்காமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். சுவருக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார்.

"எந்த எடம் டீச்சர்?"

"உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீங்க காட்டுங்க."

சமையலறைக் கதவுக்கு நேராகப் போய்ச் சுவரில் கையை வைத்தேன். மழை இன்னும் தொடங்கவில்லை. சுவர் ஈரமாக இருந்தது.